போன வலி மீண்டு வந்தால்

நமுனுகுலை மலைச் சாரலிலும், பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை முதலிய இடங்களிலும் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களில் இடுப்பு வலியை ஒரு நோயென்று எவரும் கொள்வதில்லை. மழையையும் பனியையும் போல அதுவும் மலைவாழ்க்கையின் ஒரு பகுதியாகவே எண்ணப்படுகிறது. காலையில் பெரட்டுக்குச் சென்று, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றி நாள் முழுதும் கொழுந்தெடுக்கும் பெண்களும், குனிந்த முதுகு நிமிராது கவ்வாத்து வெட்டும் ஆண்களும், நிறைந்த கொழுந்துச் சாக்கைத் தோளில் ஏற்றி நிறுவைக்குக் கொண்டு வருவோரும், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் முதலிற் கைவைத்துப் பிடிப்பது இடுப்பையே. தைலம் தேய்ப்பார்கள், வெந்நீர் ஒற்றடம் இடுவார்கள், மறுநாள் மீண்டும் மலைக்குப் போவார்கள். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை.

இவ்வலிகளிற் பெரும்பாலானவை தசைகளின் களைப்பினால் வருவன, ஓய்வினால் நீங்குவன. சிலருக்கு மாத்திரம் வலி இடுப்போடு நில்லாமல், பிட்டத்தின் வழியாகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் இறங்கிப் பாதம் வரை செல்லும். தும்மினால் மின்னல் வெட்டியது போலிருக்கும். இதன் காரணத்தை அறிவதற்கு முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். முள்ளந்தண்டு ஒரே என்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல என்புகளால் ஆனது. என்புக்கும் என்புக்கும் இடையே ஒரு தட்டு உண்டு. அத்தட்டின் புறத்தே வலிய நார்வளையமும், உள்ளே நுங்கைப் போன்ற மென்பொருளும் இருக்கின்றன. பாரம் தூக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது இந்த இடைத்தட்டே. நார்வளையம் கிழிந்து உள்ளிருக்கும் மென்பொருள் பின்புறமாகப் பிதுங்கினால், அருகிலே செல்லும் நரம்பை அது நெருக்குகிறது. காலில் இறங்கும் வலிக்கு மூலம் அதுவே.

அமெரிக்காவின் பொஸ்தன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள் 1934ஆம் ஆண்டில் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டி, பிதுங்கிய பகுதியைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம் என நிறுவினர். இலங்கையில் மூளைக்கும் நரம்புக்கும் உரிய சத்திரசிகிச்சைப் பிரிவு 1956இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஷெல்டன் கப்ரால் அவர்களால் தொடங்கப்பட்டது. பதுளையை 1924இல் வந்தடைந்த புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் நீளமுடையது. பாயிற் புரளவும் இயலாத ஒருவர் அத்தனை தூரத்தையும் இருந்தபடியே கடந்து சிகிச்சைக்குப் போவதென்றால், வலி எத்துணைக் கொடியதாக இருந்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இடைத்தட்டுப் பிதுங்கிய எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில், உரிய ஓய்வினாலும் மருந்தினாலும் பயிற்சியினாலும் தாமாகவே குணமடைகின்றனர். பல வாரங்கள் கழிந்தும் காலின் வலி தணியாதவர்களுக்கும், கால் வலுவிழந்து வருபவர்களுக்குமே சத்திரசிகிச்சை சொல்லப்படுகிறது. அச்சிகிச்சையும் பெரும்பாலோருக்கு நற்பயனையே தருகிறது. இவ்வளவையும் முதலிற் சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. இனிக் கூறப்போவதைக் கேட்டு, கத்தி என்றாலே கேடு என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. பயத்தினால் சிகிச்சையை மறுத்துக் காலை இழப்பதும் உலகில் நிகழ்வதே.

உதாரணமாக, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கவ்வாத்து வேலை செய்யும் நாற்பது வயதினர் ஒருவரை மனத்திற் கொள்வோம். அவர் குறித்த எந்த மனிதரும் அல்லர். ஆனால் அவர் போன்றோர் இல்லாமலும் இல்லை. அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. மயக்கம் தெளிந்ததும் அவர் முதலிற் கவனிப்பது காலைத்தான். மாதக்கணக்காக வாட்டிய வலி அங்கே இல்லை. மறுநாள் தாதியர் பிடித்து நடத்துகின்றனர். ஒரு வாரத்துக்குள் வீடு வந்து சேர்கிறார். தையல் பிரிக்கும் நாளில் காயம் காய்ந்து அழகாக இருக்கிறது. லயத்திலே எல்லாரும் மகிழ்கின்றனர்.

மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு அவருக்கு முதுகு வலிக்கிறது. இது பழைய வலியன்று. காலில் இறங்காமல் முதுகின் நடுவிலேயே நின்று குடைகிறது. படுக்கையிற் புரள முயன்றால் தசைகள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. பழைய வலி படுத்தால் தணிந்தது. இது படுத்தாலும் தணியவில்லை. மனைவி விளக்கை ஏற்றிக் காயத்தைப் பார்க்கிறாள். சிவப்பில்லை, வீக்கமில்லை, சீழில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், காய்ச்சலும் இல்லை. விடிந்ததும் அடுத்த காம்பராவிலிருந்து வருபவர் சொல்கிறார்: “ஒப்பரேசன் பண்ணுன ஒடம்புண்ணே, நாலு மாசத்துக்கு வலிக்கத்தான் செய்யும்.” அவர் கூறியதிலே தீய எண்ணம் சிறிதும் இல்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தினால் இரண்டு வாரங்கள் கழிந்துவிடலாம்.

பின்னர் அவர் அருகிலுள்ள மருந்தகத்துக்குப் போகிறார். நெடிய வரிசை. முறை வந்ததும், “முதுகு வலிக்குதுங்க” என்கிறார். முதுகு வலி என்று எழுதப்படுகிறது. வலி மாத்திரை கிடைக்கிறது. வலிக்கிறது என்று அவர் சொன்னாரேயன்றி, ‘போயிருந்தது, மூன்று வாரத்தின் பின் புதிதாக வந்தது’ என்று சொல்லவில்லை. நோயை அறிவிக்கும் செய்தியோ முழுவதும் அந்தச் சொல்லப்படாத பகுதியிலேதான் அடங்கியிருக்கிறது.

சத்திரசிகிச்சைக்குப் பின் முதுகில் ஓரளவு நோவு இருப்பது இயல்பே. ஆனால் அந்நோவு நாளுக்கு நாள் குறைந்து செல்லும் இயல்புடையது. குறைந்து சென்ற நோவு, ஒரு வாரத்துக்கும் நான்கு வாரங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், முன்னிலும் கடுமையாகத் திரும்பி வருமாயின், இடைத்தட்டு இருந்த இடத்தில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என வைத்தியர் ஐயுறுவர். இது அடிக்கடி வருவதன்று. நூறு பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தால் ஒருவருக்கு வரலாம், வராமலும் போகலாம். கூடுதலாகச் சொல்லும் கணக்குகளும் நூற்றுக்கு மூவர் அளவோடு நிற்கின்றன. அரிதாக வருவதனாலேயே இது எளிதில் மறக்கவும் படுகிறது.

காயம் ஆறியிருக்க உள்ளே எப்படித் தொற்று வளரும் என்று கேட்கத் தோன்றும். வளர்ந்தவர்களின் இடைத்தட்டுக்குள் குருதிக் குழாய்கள் செல்வதில்லை. மேலும் கீழும் உள்ள என்புகளிலிருந்து கசிந்து வரும் சத்தைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. தோலிலே கீறல் ஏற்பட்டால் குருதியிலுள்ள வெண்கலங்கள் விரைந்து வந்து நுண்ணங்கிகளை எதிர்க்கின்றன. இடைத்தட்டுக்கோ அந்தப் படை வந்து சேரும் பாதை இல்லை. நாம் விழுங்கும் மருந்தும் அங்கே மிக மெதுவாகவே போய்ச் சேருகிறது. ஆகவே அங்கு விழுந்த சில நுண்ணங்கிகள், பூட்டிய அறையிற் புகுந்த கள்வரைப் போல, தடையின்றிப் பெருகிப் பின் என்பையும் அரிக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலும் இவ்வாறு புகுவது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் நுண்ணங்கி. அது எங்கோ தொலைவிலிருந்து வருவதன்று; நலமாக உள்ள பலருடைய மூக்கினுள்ளும் தோலிலும் வாழ்வது. இதனாலேயே கீறுவதற்குச் சற்று முன்னர் நுண்ணங்கிகளைக் கொல்லும் மருந்தொன்றை ஊசி மூலம் ஏற்றுகின்றனர். அவ்வளவு கவனம் எடுத்தும் சிற்சிலருக்குத் தொற்று வந்துவிடுவதுண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஸ்டிரொய்ட் மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் அபாயம் சற்று அதிகம். சிறுநீர்த் தொற்றோ, தோலிற் புண்ணோ இருந்தால் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் மறைக்காது சொல்லுதல் வேண்டும். நாள் தள்ளிப் போகுமே என்று மறைப்போர் உண்டு.

முதுகிற் கத்தி வைத்தபின் வரும் தொற்று ஏழையை மட்டுமே தேடி வருவதன்று. அமெரிக்க ஜனாதிபதியாக 1961இற் பதவியேற்ற ஜோன் கென்னடி அவர்களின் கதையே இதற்குச் சான்று. 1944இல் அவருக்கு இடைத்தட்டில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது, பயன் கிட்டவில்லை. 1954 ஒக்டோபரில் நியூயோர்க் நகரில் மீண்டும் கீறி, என்புகளை உலோகத் தகடு கொண்டு பிணைத்தனர். சில நாட்களில் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு, நினைவிழந்து, குருவானவரை அழைத்து இறுதிச் சடங்கு செய்யும் நிலை வரை போனார். அதிலிருந்து பிழைத்தாலும் முதுகின் காயத்திலே தொற்று ஊறிக்கொண்டே இருந்தது. 1955 பெப்ரவரியில் அந்தத் தகட்டைக் கழற்ற நேர்ந்தது. அதன் பின்னரும் 1957இல் முதுகிலே கட்டி தோன்றி, அதைக் கீறிச் சீழை அகற்றினர். அவருக்கு நேர்ந்தது தகடு பொருத்திய காயத்தின் தொற்று. இடைத்தட்டுத் தொற்றோடு முற்றும் ஒன்றன்று. அவருக்கு அடிசன் நோயும் இருந்தது. அதற்காக உட்கொண்ட ஸ்டிரொய்ட் மருந்து உடலின் எதிர்ப்பைக் குறைத்திருக்கக்கூடும். எனினும் செல்வமும் செல்வாக்கும் சிறந்த வைத்தியர்களும் உடையவருக்கே மூன்று ஆண்டுகள் அத்தொற்று இடையறாத தொல்லையாயிற்று. அவர் படுக்கையிற் கிடந்த அக்காலத்தில் ஒரு நூலையும் எழுதி முடித்தார். கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு பிழைப்பவருக்கு அந்த வசதி ஏது?

இனி, வைத்தியசாலையில் இந்நோயை எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதைப் பார்ப்போம். முதலிற் குருதியைச் சோதிக்கின்றனர். ‘சி.ஆர்.பி.’ எனப்படும் ஒரு பொருள் சத்திரசிகிச்சை செய்த எவருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் உயர்ந்து, ஏறத்தாழ இரு வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இறங்கியது மீண்டும் ஏறினால் அது எச்சரிக்கை. வலியும் அதே போக்கில்தான் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இறங்கி ஏறுவதுதான் இங்கு அடையாளம். எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெரியப் பல வாரங்கள் செல்லும். ஆகையால் ‘படம் நன்றாக இருக்கிறது’ என்பதை மட்டும் கொண்டு மனந்தேறுதல் கூடாது. எம்.ஆர்.ஐ. படமே முந்திக் காட்டும். அதிலும் சத்திரசிகிச்சையின் சுவடுகள் கலந்து தெரிவதால், தேர்ந்த கண் வேண்டும்.

அதன்பின் குருதியிலிருந்தும், இயலுமாயின் ஊசி செலுத்தி இடைத்தட்டிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்த நுண்ணங்கி என்று வளர்த்துப் பார்க்கின்றனர். மருந்தைத் தெரிவு செய்வது அந்த விடையைக் கொண்டே. தோட்டப் பகுதியில் அடிக்கடி நேரும் ஒரு தவறு இவ்விடத்திலேதான் கேடு விளைக்கிறது. பட்டணத்துக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி, மருந்துக் கடையிலிருந்து ‘அன்ரிபயோட்டிக்’ மாத்திரை ஐந்தாறு வாங்கி விழுங்குதல் பலருக்கு வழக்கம். அந்த ஐந்தாறு மாத்திரைகள் பூட்டிய அறைக்குள் உள்ள தொற்றை ஒழிக்கப் போதா. ஆனால் மாதிரியிலே நுண்ணங்கி வளராமற் செய்துவிடப் போதும். பிறகு வைத்தியர் இருட்டிலே தேடுபவர் போலாகிறார். வீட்டில் ஏதேனும் மருந்து உட்கொண்டிருந்தால், ஏச்சு விழும் என்று அஞ்சாது, அந்த உறையையும் கொண்டு போய்க் காட்டுதல் வேண்டும்.

நம் நாடுகளில் இன்னொன்றையும் வைத்தியர் நினைவில் வைப்பர். காசநோயும் முள்ளந்தண்டைப் பற்றும் இயல்புடையது. அது மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வளர்வது; மருந்தும் வேறு. சென்னையிலும் கொரியாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த நீண்ட ஆராய்ச்சிகளின் பயனாக, முள்ளந்தண்டுக் காசநோய் உள்ளோரிற் பெரும்பாலோரை வீட்டிலிருந்தபடியே மருந்தினால் குணப்படுத்தலாம் என்பது நிறுவப்பட்டது. மாதிரி எடுத்துப் பார்ப்பதன் இன்றியமையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் உறுதியானபின் சிகிச்சை நீண்டதுதான். ஆனால் நம்பிக்கை தருவது. நாளத்தின் வழியாகவும் பின்னர் வாய் வழியாகவும் மருந்து கொடுக்கப்படுகிறது. முள்ளந்தண்டுத் தொற்று உள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 6 வாரமும் மறு பிரிவினருக்கு 12 வாரமும் மருந்து கொடுத்துப் பிரான்சு நாட்டில் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்று 2015இல் வெளியாயிற்று. இரு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குணமடைந்திருந்தனர். ஆகவே பலருக்கு 6 வாரம் போதுமாகிறது. சிலருக்குக் கூடுதலாக வேண்டும். 6 வாரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது ஒரு பருவம் போல நீண்டது. இரண்டாவது வாரத்தில் வலி தணிந்ததும், ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்று துண்டு எழுதிக் கேட்கும் நோயாளியைக் கோபிப்பதற்கு முன், அவர் வீட்டு அடுப்பையும் நினைத்துப் பார்த்தல் தகும். ஆயினும் இடையில் நிறுத்திய மருந்து, தொற்றைக் கொல்லாது பழக்கிவிடும். அப்படித் திரும்பி வரும் தொற்றை அடக்குவது இருமடங்கு கடினம்.

தாமதம் எங்கே நிகழ்கிறது என்பதைச் சிந்தித்தால், வைத்தியசாலையில் நிகழ்வதைவிட அதற்கு வந்து சேரும் வழியிலேயே அதிகம் எனத் தோன்றுகிறது. மலைத் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே ஒரு பயணம். முதுகை அசைக்கவியலாதவரை மேடு பள்ளமான பாதையில் முச்சக்கர வண்டியில் ஏற்றிவருவது சித்திரவதை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மறிபடுவதும் உண்டு. இவற்றைத் தாண்டி வந்தபின் மொழி என்னும் இன்னொரு மலை நிற்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும் நெரிசல் மிகுந்த விடுதியில், சிங்களம் மட்டும் அறிந்த தாதிக்கும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்கும் இடையே, ஒரு நீண்ட கதை இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. ‘வலி’, ‘முதுகு’ என்னும் அவ்விரு சொற்களும் போய்ச் சேர்ந்துவிடும். ‘போய், வந்தது’ என்பது சேராது.

இதற்குச் செலவில்லாத ஓர் உபாயம் உண்டு. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு ஓர் அட்டை தரப்படுகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அநேக லயங்களில் அது சாமிப்படத்துக்குப் பின்னே செருகப்பட்டு, வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதை எங்கு சென்றாலும் கொண்டு செல்லுதல் வேண்டும். அதனோடு, அவ்வீட்டிலே பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்குமன்றோ? அப்பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு தாளை எடுத்து, சத்திரசிகிச்சை நடந்த திகதி, வலி நீங்கிய நாள், வலி மீண்டும் தொடங்கிய நாள், உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை மாத்திரம் எழுதுவித்தால் போதும். திகதியையும் எண்ணையும் எம்மொழியாரும் வாசிப்பர். மூன்றாம் வாரத்தில் வலி புதிதாகத் தொடங்கியது என்பதை அந்தத் தாளிற் காணும் வைத்தியர், அதைச் சாதாரண முதுகு வலியென்று ஒதுக்கமாட்டார்.

அடுத்த கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்கலாமா என்ற ஐயம் எழலாம். மீண்டு வந்த வலிக்குக் காத்திருத்தல் கூடாது. கிளினிக் நாளல்லாத நாளிலும் வைத்தியசாலைக்குப் போகலாம். அதனினும் அவசரமானது ஒன்று உண்டு. உள்ளே சேர்ந்த சீழ் நரம்புகளை நெருக்கினால், கால்கள் வலுவிழக்கும். தொடைகளின் உட்புறம் மரத்துப்போகும். சிறுநீர் கழிக்க இயலாது போகும், அல்லது அறியாமலே கழியும். கடுங்குளிரோடு நடுக்கக் காய்ச்சலும் வரலாம். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை பொறுத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். வண்டி ஏற முடியாத தோட்டப் பாதையாயின், எந்தச் சந்தியில் நோயாளியை வைத்துக்கொண்டு நிற்பது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது நலம்.

தொற்று அடங்கியபின், கெட்டுப்போன இடைத்தட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரு என்புகளும் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தாமே ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. பொருந்தியதும் வலி வெகுவாகத் தணியும். முதுகு மட்டும் முன்போல் வளையாது. பசறைப் பக்கத்து நமது கவ்வாத்துக்காரர் அப்போது எழுந்து நடமாடுவார். லயத்துக்குப் பின்னுள்ள மரக்கறித் தோட்டத்துக்கு நீர் வார்ப்பார். மீண்டும் கவ்வாத்து மலைக்குப் போகலாமா, அல்லது தொழிற்சாலையிலோ காவலிலோ இலேசான வேலை கேட்கலாமா என்பதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்கிக் கொண்டு, பெரட்டிலே கணக்கப்பிள்ளையிடம் கொடுப்பது அவர் செய்யவேண்டிய அடுத்த காரியம்.